வலத்தோள் முந்தானை

பன்னிரண்டு மணிக்கு ஆளுக்கொரு பொருளின் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று எங்கள் வகுப்பைக் கூட்டிவந்த ரேச்சல் மேடம் சொல்லி இருபது நிமிடம் ஆகிறது, மற்றவர்கள் எதை எடுப்பது என்று மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாக அலைந்துகொண்டிருக்கிறார்கள், எனக்கு அந்தக் கவலை இல்லை, நான் பதினேழாம் எண் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்த இடத்திலேயே நின்றவள்தான், இன்னும் நகரவில்லை. ராயபுரத்தில் பழைய காகித கோடவுன் இது. சுவருக்கு வெள்ளையடித்து ஏசி போட்டு விளம்பரங்களுக்கும் டப்பா பாக்கெட்டுகளுக்கும் மியூசியம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். டீத்தூள் விளம்பரத் தகரங்கள், பல்பொடி டப்பாக்கள், மூக்குப்பொடி மட்டைகள், சாமியை விடக் கடை பெயர் பெரிதாக இருக்கிற காலண்டர்கள். எவ்வளவு வெள்ளையடித்தும் காகித வாடை போகவில்லை, என் வகுப்பில் அது வேறு எவருக்கும் மூக்கில் ஏறியிருக்காது, நான் சிவகாசிக்காரி, எங்கள் தெருவில் ஜன்னலைத் திறந்தால் வருவதே காகிதமும் மையும்தான், மல்லிகைப்பூ வாடை கூட எனக்கு அப்புறம்தான் பழக்கம். பெட்டிக்குள் ஒரு சீயக்காய்த் தூள் பாக்கெட் இருக்கிறது. மருதாயி சீயக்காய்த் தூள், நூறு கிராம். பச்சைப் பின்னணி, மஞ்சள் எழுத்து, முழங்கால் வரை தொங்கும் கூந்தலை முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிற சிவப்புச் சேலைப் பெண். அவளுடைய முந்தானை வலது தோளில் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அப்படிக் கட்ட மாட்டாள், தூக்கத்தில் எழுப்பிக் கட்டச் சொன்னாலும் இடது தோளில்தான் போடுவாள். இந்த மருதாயிக்கு முந்தானையை வலது தோளுக்கு மாற்றியது என் அம்மா. அம்மா பெயர் தங்கபுஷ்பம். இதை இங்கே இருக்கிற யாருக்கும் நான் இன்னும் சொல்லவில்லை.

காலையில் மியூசியத்தைச் சுற்றிக் காட்டியபோது இதன் முன்னால்தான் நந்தகோபால் சார் அதிக நேரம் நின்றார். மியூசியம் அவருடையது, கதர் ஜிப்பா போட்டுக்கொண்டு, பழைய கடை பழைய கடையாக ஏறி இறங்கி நாற்பது வருடமாகச் சேர்த்த பொருள்கள், மெதுவாகப் பேசுகிறார், பொருளைச் சொல்லும்போது அதன் காதில் விழுந்துவிடுமோ என்பது மாதிரி குரலைத் தாழ்த்துகிறார், அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "எல்லா விளம்பரத்துலயும் பொண்ணு பொருளோட பேரைப் பார்த்துதான் நிப்பா. இங்க பாருங்க, இவ பேருக்கு முதுகைக் காட்டிட்டு வெளிய பார்க்கறா. வாங்கினா வாங்கு, வாங்காட்டிப் போன்னு ஒரு திமிர். முந்தானையைக்கூட மாத்திப் போட்டிருக்கார் அந்த டிசைனர். தெரிஞ்சே பண்ண கலகம் இது," என்றார். பெட்டிக்கு அடியில் இருக்கிற அட்டையிலும் அதுதான், மரபை மீறிய துணிச்சலான முடிவு, 2003, வடிவமைத்தவர் தெரியவில்லை. மியூசியம் போட்ட புத்தகத்தில் இதற்கு மட்டும் இரண்டு பக்கமாம். வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள், தன்வி செல்போனில் படம் எடுத்தாள், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. துணிச்சலாம், கலகமாம், என் அம்மாவைப் போய். பேருந்தில் நடத்துனர் சில்லறை பாக்கியை மறந்தால் கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிவிடுகிறவள் என் அம்மா. ஆனாலும் பெருமையாக இருந்தது, மறைப்பானேன், நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமாகிவிட்டது, வகுப்பில் மூன்று பேர் வீட்டுக்குச் சொந்தமாக விளம்பர கம்பெனி இருக்கிறது, அவர்கள் வீட்டுச் சரக்கு எதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை, என் வீட்டுச் சரக்கு இருக்கிறது, அதுவும் தனி விளக்குப் போட்டு. உடனேயே அந்த அட்டையின் கடைசி வரி வந்து கண்ணில் குத்துகிறது. தெரியவில்லை என்கிறார்களே, யாரைக் கேட்டார்கள், சிவகாசிக்கு ஒரு டிக்கெட் எடுத்திருந்தால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவன் சொல்லியிருப்பானே.

கலகம் ஒன்றும் நடக்கவில்லை, நடந்தது இதுதான், எனக்கு மனப்பாடம். அம்மா அப்போது ஆஃப்செட் அச்சகத்தில் ஃபிலிம் ஒட்டுகிறவள். மேஜை மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் ட்யூப் லைட், வெளிச்சம் கீழேயிருந்து வரும். ஒரு படத்துக்கு நாலு ஃபிலிம், மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கருப்புக்கு ஒன்று, நாலையும் இம்மி பிசகாமல் ஒன்றுக்கு ஒன்று பொருத்தி ஒட்டினால்தான் அச்சில் மூக்கு மூக்கிலும் உதட்டுச் சாயம் உதட்டிலும் வந்து உட்காரும், கொஞ்சம் நகர்ந்தாலும் ஆளுக்கு இரண்டு உதடு. எழுத்துக்குத் தனி ஃபிலிம். ஃபிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல், மங்கல் பக்கத்தில்தான் மருந்து பூசியிருக்கும், அது எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் படம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பிவிடும். வெளிச்சம் இருந்தால் கண்ணால் பார்ப்பார்கள், அம்மா எப்போதும் உதட்டால் பார்ப்பாள், ஃபிலிமின் ஓரத்தைக் கீழுதட்டில் வைத்தால் மருந்துப் பக்கம் லேசாக ஒட்டும், அவ்வளவுதான் சோதனை. இன்றைக்கும் வீட்டில் மின்சார பில்லைக் கையில் வாங்கினால் ஓரத்தை உதட்டுக்குக் கொண்டுபோவாள், நான் முறைத்தால் இறக்கிவிடுவாள். அந்த ஆகஸ்ட் மாதம் நான் அவள் வயிற்றில் மூன்று மாதம். ஃபிலிம் வாடை பட்டாலே குமட்டிக்கொண்டு வருமாம், மூக்குக்குக் கீழே ஃபிலிமைக் கொண்டுபோக முடியாமல் உதட்டுச் சோதனையை விட்டுவிட்டாள். கரண்ட் வேறு இல்லை. மிஷின் தயாராக இருக்கிறது, ஜெனரேட்டர் மிஷினுக்கு மட்டும்தான், ஜன்னல் வெளிச்சத்துக்கு மேஜையை இழுத்துப் போட்டு ஒட்டினாள், முதலில் கருப்பு ஃபிலிமை மாற்றி வைத்தாள், அதன் மேல் மற்ற மூன்றையும் பொருத்தினாள், கருப்பு எப்படித் திரும்பியிருந்ததோ அப்படியே மூன்றும் திரும்பி அதன் மேல் அச்சாக உட்கார்ந்துவிட்டன, எழுத்து ஃபிலிம் மட்டும் நேராக. அதை வைத்து அச்சுப் பிளேட் போட்டார்கள், இருபதாயிரம் பாக்கெட் ஓடியது. ஆகவே இந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு, பிறக்கும் முன்னாலேயே நான் பேக்கேஜிங் துறையில் வேலை பார்த்திருக்கிறேன், காலேஜ் விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற கட்டத்தில் எழுதத் தோன்றவில்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம் அடுத்ததுதான். ஃபோர்மேன் செல்லப்பாண்டி அண்ணாச்சி முதல் தாளை எடுத்து லென்ஸ் வைத்துக் கலர் பார்த்தார், மிஷின்காரர் பார்த்தார், முதலாளி பார்த்தார், லாரியில் ஏற்றினவர்கள் பார்த்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை. எல்லோர் வீட்டிலும் காலையிலிருந்து ராத்திரி வரை பெண்கள் சேலையோடுதான் நடமாடுகிறார்கள், முந்தானை எந்தத் தோள் என்று ஒரு மனிதருக்கும் தெரியவில்லை. ராஜபாளையத்தில் சீயக்காய் கம்பெனிக்காரர் ஒரு பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோக, அவர் மனைவி வாங்கிப் பார்த்த உடனே, இது என்ன சேட்டு வீட்டு அம்மாவா என்று கேட்டாராம். பிறகென்ன, ரகளை. அம்மாவைக் கண்ணாடி மேஜையிலிருந்து எழுப்பித் தாள் அடுக்குகிற இடத்தில் உட்கார வைத்தார்கள், ஒரு மாதம் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, வலத்தோள் என்றுதான் கூப்பிட்டார்கள், வலத்தோள் இங்கே வா, வலத்தோள் அந்தக் கட்டை எடு. மருதாயி அப்போதுதான் புதிதாகக் கடைக்கு வந்த சரக்கு, தப்பாக அடித்தது அதற்குள் விற்றுவிட்டது, படத்தை நேராக்கி அடுத்த தடவை அச்சடித்து அனுப்பினார்கள். அருப்புக்கோட்டையிலும் கமுதியிலும் கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், வாங்குகிற பெண்கள் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் இது டூப்ளிகேட், அசல் மருதாயிக்கு முந்தானை வலப்பக்கம் இருக்கும் என்று கீழே வைத்துவிட்டார்களாம். அதுவரைக்கும் தப்பாக இருந்தது அன்றிலிருந்து அடையாளம். கம்பெனிக்காரர் வந்து பழையபடியே போடுங்கள் என்றார், அண்ணாச்சி அம்மாவைப் பழைய மேஜையில் கொண்டுபோய் உட்கார வைத்து, முன்ன மாதிரியே ஒட்டு என்றார், ஒரு தடவை தெரியாமல் செய்த தப்பை அப்புறம் ஆறு வருடம் ஆர்டர் வாங்கிச் செய்தாள் என் அம்மா. மேஜை திரும்பி வந்தது, பெயர் வரவில்லை. நான் ஆறாம் வகுப்பில் பொங்கல் விழாவுக்குச் சேலை கட்டிக்கொண்டு மேடையேறினால் பின்வரிசையிலிருந்து வலத்தோள் மக, வலத்தோள் மக என்று கத்துகிறார்கள், என் முந்தானை சரியாக இடது தோளில்தான் இருக்கிறது, ஆனாலும் கை தானாகப் போய்த் தடவிப் பார்க்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நீ ஏம்மா ஒழுங்கா ஒட்டல என்று கேட்டேன், அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை களைந்தாள். சென்னைக்குப் படிக்க வந்த முதல் நாள், அம்மா என்ன செய்கிறார்கள் என்று தன்வி கேட்டதற்கு, பிரின்டிங்கில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வி வருமுன் நகர்ந்துவிட்டேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னை இரண்டு அறை விடலாம் போல் இருக்கிறது.

பதினொன்று நாற்பது. தன்வி வந்து, "நீ இதையா எடுக்கற? ஈஸிடி, சாரே எல்லாம் சொல்லிட்டார், அதையே திருப்பிச் சொல்லிடு," என்றாள், அவள் ஒரு பிஸ்கட் டின்னைப் பிடித்துவிட்டாளாம். அவளை அனுப்பிவிட்டு, பாக்கெட்டை வெளியே எடுத்து லென்ஸில் பார்க்கலாமா என்று மியூசியத்தில் வேலை பார்க்கிற பெண்மணியிடம் கேட்டேன், மாணவர்களுக்கு அனுமதி உண்டு, என் கைக்கு வெள்ளைத் துணி உறை மாட்டிவிட்டு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். கையில் என் லென்ஸ், அண்ணாச்சி வைத்திருந்த மாதிரியே மடக்குகிற லென்ஸ். கண்ணை வைத்ததும் சேலை போய் புள்ளிகள் வந்தன, சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி, நடுவில் கருப்பு, உதட்டு ஓரத்தில் பார்த்தேன், கண் இமையில் பார்த்தேன், மூக்குத்திக் கல்லில் பார்த்தேன், ஒரு புள்ளி கூட இடம் மாறவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில், குமட்டலோடு, வெறும் கையால் நாலு ஃபிலிமை இப்படிப் பொருத்தியிருக்கிறாள், எங்கள் காலேஜில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு நாங்கள் அச்சடித்த போஸ்டரில் போன மாதம் கலர் பொருந்தாமல் எழுத்துக்கு நிழல் விழுந்தது, தப்பைக்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவள் என் அம்மா, எனக்கு அந்த இடத்திலேயே யாரையாவது கூப்பிட்டு லென்ஸைக் கண்ணில் அழுத்தி, பார், பார் என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது, வந்ததும் போகவில்லை. இவர்கள் கலகம் என்கிறார்கள், டிசைனர் தெரியவில்லை என்கிறார்கள், நான் போய் அந்த டிசைனர் என் அம்மாதான் என்று சொன்னால் என்ன. வேண்டுமென்றே மாற்றினாள், விளம்பரத்தில் பெண்ணை நிறுத்துகிற விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை, அதனால் திருப்பி ஒட்டினாள். நந்தகோபால் சார் நம்புவார், நம்பத் தயாராக இருக்கிறார், அட்டை மாறும், புத்தகத்தின் அடுத்த பதிப்பில் தங்கபுஷ்பம் என்று வரும், வலத்தோள் என்று கூப்பிட்ட ஊர் அதைப் பார்க்கும். முழுப் பொய் கூட இல்லை, முதல் தடவைக்கு அப்புறம் ஆறு வருடம் தெரிந்தேதானே ஒட்டினாள், இந்தப் பாக்கெட் அந்த ஆறு வருடத்துப் பாக்கெட்டாக இருந்துவிட்டுப் போகட்டுமே. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, எனக்கும் அம்மாவுக்கும் அண்ணாச்சிக்கும் மட்டும் தெரிந்த வழி. படத்தை வரைந்தவர் மதுரை ஆர்ட்டிஸ்ட் கைலாசம், சேலையின் கொசுவத்துக்குப் பக்கத்தில் பொடியாகக் கையெழுத்துப் போடுவார், படம் திரும்பினதும் கையெழுத்தும் திரும்பிவிட்டது, அடுத்த தடவைகளில் அண்ணாச்சி பிளேடு வைத்து அதை ஃபிலிமிலிருந்து சுரண்டிவிட்டார். இருந்தால் முதல் அச்சு, இல்லாவிட்டால் பின்னால் வந்தது. லென்ஸைக் கீழே நகர்த்தினேன், இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இருந்தது. கைலாசம், ஒவ்வொரு எழுத்தும் பின்பக்கமாகத் திரும்பி, எறும்பு வரிசை மாதிரி. தெரிந்தே திருப்புகிறவன் கையெழுத்தை இப்படி விட்டிருக்க மாட்டான். இது தப்பேதான், அந்த ஜன்னலோரத் தப்பு, இருபதாயிரத்தில் ஒன்று. இந்த மியூசியத்தில் இதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், நான் வாயைத் திறக்காவிட்டால் இன்னும் நூறு வருடத்துக்கு யாரும் பார்க்கப்போவதில்லை. திறந்தால் இதைப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் எடுத்துவிடுவார்கள், தப்பாக அடித்த பாக்கெட்டுக்கு யார் தனி விளக்குப் போடுவார்கள், அம்மாவை இரண்டாவது தடவை மேஜையிலிருந்து எழுப்பியவளாக நான் ஆகிவிடுவேன்.

பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா இப்போது ஒரு காலண்டர் கம்பெனியில் இருக்கிறாள், காலண்டருக்கு மேலே தகரம் அடிக்கிற மிஷின் பக்கத்தில்தான் அவளுக்கு இடம், டக் டக் என்ற சத்தத்துக்கு நடுவில் குரல் வந்தது. "என்னத்தா, கிளாஸ் இல்லையா?"

"மியூசியத்துக்கு வந்திருக்கோம்மா. இங்க ஒன் மருதாயி இருக்கா."

"எந்த மருதாயி?"

"சீயக்காய் பாக்கெட்டும்மா. மொத அச்சு. கைலாசம் கையெழுத்து திரும்பிக் கெடக்கு, இப்பதான் பாத்தேன்."

டக் டக் சத்தம் குறைந்தது, எழுந்து வெளியே போகிறாள் என்று தெரிந்தது. "அத எதுக்கு வச்சிருக்காக?"

"பெரிய டிசைன்னு வச்சிருக்காங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, லைட்டு போட்டு."

"லைட்டு மேல இருந்து வருதா, கீழ இருந்தா?"

"மேல இருந்துதாம்மா," என்றேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் சிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கலகம், திமிர், துணிச்சல், இரண்டு பக்கம், வடிவமைத்தவர் தெரியவில்லை. அவள் ஊம் கொட்டிக்கொண்டே வந்தவள் கடைசி வரிக்கு ஊம் கொட்டவில்லை. "அம்மா, கேளு. நீ வேணும்னேதான் மாத்தி ஒட்டுனன்னு நான் சொல்லிடறேன். பன்னெண்டு மணிக்கு நான் பேசணும். சொன்னா நம்புவாங்க. ஒன் பேரு வரும்மா. பெருசா வரும்."

"வேணும்னு நான் எதுக்கு அப்படிப் பண்ணப்போறேன்? கிறுக்கா எனக்கு?"

"இல்லம்மா, தப்புன்னு சொன்னா..."

"தப்புத்தான." "ஒரு மாசம் தாள் அடுக்குனேன் அதுக்கு. இருவது வருசமா அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுறாக. பள்ளிக்கொடத்துல ஒன்னையும் கூப்புட்டாக, நீ அழுதுட்டு வந்து நின்ன, எனக்குப் பதில் சொல்ல வாய் வரல. இம்புட்டையும் தாங்கிட்டு இப்ப நான் பண்ணவே இல்லன்னா எப்படி? அது நான் பண்ண தப்பு. அதத் தூக்கி எவனோ டிசைனருக்குக் குடுக்காத, புத்திசாலின்னு சொல்லி எனக்கும் குடுக்காத. தப்புன்னே சொல்லு. பேரு மட்டும் எம் பேரச் சொல்லு."

"பெட்டியில இருந்து எடுத்துட்டாங்கன்னா?"

"எடுத்தா எடுக்கட்டும். இருக்குற வரைக்கும் பேரோட இருக்கட்டும்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பது மாதிரி, "நாலு கலரும் உக்காந்திருக்கான்னு பாத்தியா?" என்றாள்.

"பாத்தேம்மா. முடியளவுகூட நகரல."

"பெறகென்ன," என்று வைத்துவிட்டாள். அந்த ஒற்றைச் சொல்லில் இருந்த கர்வத்தை நான் அவளிடம் அதற்கு முன்னால் கேட்டதில்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று ராயபுரத்து வெயிலைப் பார்த்தேன், ஒரு மீன் வண்டி போனது, ஒரு பள்ளிக்கூட ஆட்டோ போனது, எனக்கு மூச்சு நிறைய வந்தது. எத்தனை வருடம் நான் அதை அவளுடைய அவமானம் என்று நினைத்துப் பொத்திப் பொத்தி வைத்தேன், அவள் அதைத் தன் சொத்து மாதிரி வைத்திருந்திருக்கிறாள், கேட்டால்தானே தெரியும், அரிசி களைகிற கையைப் பார்த்துவிட்டு நான் திரும்பிப் போய்விட்டேன்.

பன்னிரண்டுக்கு என் முறை மூன்றாவதாக வந்தது. எல்லோரும் பதினேழாம் பெட்டியைச் சுற்றி நின்றார்கள், ரேச்சல் மேடம் நீலப் பருத்திச் சேலையில் முன்னால், நந்தகோபால் சார் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்குப் பிடித்த பொருளை நான் எடுத்ததில் அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, அதைக் கெடுக்கப்போகிறேனே என்று ஒரு கணம் தோன்றியது, ஆனால் இனிமேல் யாராவது என்னிடம் உன் அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் நகராமல் நிற்க வேண்டும், அதற்கு இன்றைக்கு நின்றாக வேண்டும். "இந்தப் படம் தப்பு," என்று ஆரம்பித்தேன். "பொண்ணுங்க எல்லாரும் இவளோட முந்தானையைப் பாருங்க." முதலில் ரேச்சல் மேடத்தின் கை எழுந்தது, அவரை அறியாமலே தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார், அடுத்து துப்பட்டா போட்ட தன்வி, அடுத்து பெட்டியைத் திறந்து கொடுத்த பெண்மணி, ஒருவர் பின் ஒருவராக எல்லாக் கையும் அவரவர் இடது தோளுக்குப் போனது, பையன்கள் மட்டும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார்கள், செல்லப்பாண்டி அண்ணாச்சியும் அன்றைக்கு இப்படித்தான் விழித்திருப்பார். பிறகு சொன்னேன், கரண்ட் போனது, ஜன்னல் வெளிச்சம், குமட்டல், நாலு ஃபிலிம், திரும்பிப் போன கருப்பு, அதன் மேல் பிசகாமல் உட்கார்ந்த மூன்று, தாள் அடுக்கிய ஒரு மாதம், கமுதியில் திருப்பி அனுப்பிய மூட்டைகள். "இதைப் பண்ணது எங்கம்மா. தங்கபுஷ்பம். தப்பாத்தான் பண்ணாங்க," என்றேன். நந்தகோபால் சார் மெதுவாக, "எனக்கு ரொம்பப் பிடிச்ச பீஸ்மா இது. இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். பெட்டியைத் திறக்கச் சொன்னேன், லென்ஸை அவர் கையில் கொடுத்து, கொசுவத்துக்குப் பக்கத்தில் என்று இடம் காட்டினேன். குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார், கையெழுத்தைப் பார்த்துவிட்டார் என்பது தோள் இறங்கியதில் தெரிந்தது, ஆனால் நிமிரவில்லை, லென்ஸை மேலே நகர்த்தினார், சேலைக்கு, கைக்கு, உதட்டுக்கு, மூக்குத்திக்கு, நாலு கலரையும் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், லென்ஸில் ரொம்ப நேரம் பார்த்தால் கண் நீர் வரும், அதனாலும் இருக்கலாம். பெட்டிக்கு அடியிலிருந்த அட்டையை உருவி, பின்பக்கம் திருப்பி, ஜிப்பா பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"வரைந்தவர் கைலாசம், மதுரை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "உங்கம்மாவை என்னன்னு போடட்டும்? ஃபிலிம் ஒட்டியவர்னு போடலாமா?"

"தவறு செய்தவர்னு போடுங்க சார்," என்றேன். "தவறு செய்தவர், தங்கபுஷ்பம், சிவகாசி."